கைலாப்பு விழுந்த ராத்திரி

போன மாசம் ஒரு காரியமா இரும்புலியூர் போயிருந்தேன். அக்கா வீடு அங்கதான். நான் பிறந்து வளர்ந்த ஊர்தான், ஆனா இப்போ பயிர் வைக்கிறது மதுராந்தகம் பக்கம். அதனால இரும்புலியூருக்கு நானும் விருந்தாளி மாதிரிதான். சாயங்காலம் விளக்கு வெச்ச நேரம். ஏழாவது படிக்கிற அக்கா பேத்தி செல்போனைத் தூக்கிக்கிட்டு ஓடி வந்தாள். "தாத்தா, சீக்கிரம் மாடிக்கு வாங்க. ஸ்பேஸ் ஸ்டேஷன் வருது."

மூணு மாடி ஏறி மூச்சு வாங்க நின்னேன். "தென்மேற்கே பாருங்க, இன்னும் ரெண்டு நிமிஷம்" என்றாள். சொன்ன நிமிஷத்துக்குச் சொன்ன திசையில் வந்தது. வெள்ளியைப் போல வெளிச்சம். மினுக்கவில்லை, சத்தமில்லை. தலைக்கு மேலே ஏறி, வடகிழக்கே இறங்கும்போது பூமியின் நிழலுக்குள்ளே போய் அணைந்துவிட்டது. நாலைந்து நிமிஷ வேடிக்கை.

"இது கீழ விழுமா தாத்தா?" என்று கேட்டாள்.

"விழப்போகுதுன்னு ஒரு தடவை இதே ஊர்ல ராத்திரி முழுக்க உக்காந்து பார்த்திருக்கோம்" என்றேன். சிரித்தாள். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கேயும் எழுதுகிறேன். சொல்லும்போது விட்டுப்போனது கொஞ்சம் உண்டு. அதையும் சேர்த்திருக்கிறேன்.

அப்போதைய இரும்புலியூர்

ஜி.எஸ்.டி. ரோட்டில் தாம்பரம் தாண்டி, பெருங்களத்தூர் வருவதற்கு முன்னால் வலதும் இடதும் கட்டடமாகத் தெரிகிறதே, மதுரவாயல் போகிற பைபாஸ் பிரிகிற இடம், அதுதான் இரும்புலியூர். இன்றைக்கு அந்தப் பாலத்து மேலே வண்டியில் போகிறவர்களுக்கு இங்கே ஒரு ஏரி இருப்பதும், ஏரிக்குக் கீழே கழனி இருந்ததும் தெரிய நியாயமில்லை. 1979-லேயே ஊர் தாம்பரம் நகராட்சிக்குள்தான் இருந்தது. ஆனால் காகிதத்தில்தான் நகரம். எங்களுக்கு மதகும் வரப்பும் களத்துமேடும்தான் ஊர். மீட்டர் கேஜ் மின்சார ரயில் சத்தம் கேட்டு மணி சொல்வோம்.

எங்கள் ஊர்ப்பக்கம் பயிர்க் கணக்கு தஞ்சாவூர்க் கணக்கு இல்லை. சித்திரை வைகாசியில் சொர்ணவாரி, ஆடி ஆவணியில் சம்பா, தண்ணி மிச்சமிருந்தா தையில் நவரை. 1979 ஜூலை மாசம் சொர்ணவாரி கதிரில் பால் கட்டிக்கொண்டிருந்தது. ஆடி பிறக்க ஒரு வாரம்தான் பாக்கி. சம்பாவுக்கு நாற்று விட வேண்டும். எனக்குப் பத்து வயசு.

அந்த நேரத்தில்தான் ஊருக்குள் அந்தப் பெயர் வந்தது. டீக்கடையில் தினத்தந்தியை ஒருத்தர் சத்தமாக வாசிக்க, சுற்றிலும் பத்துப் பேர் கேட்பார்கள். காலை 7.15 மணி டெல்லிச் செய்தியிலும் அதே பேர். ஸ்கைலாப். எங்கள் ஊர் வாயில் அது கைலாப்பு ஆனது. ஆயா அதை இன்னும் ஒருபடி மேலே கொண்டுபோய், "கைலாசத்துல ஒரு தூண் ஒடஞ்சி வுழுதாம்டா" என்று பக்கத்து வீட்டுக்குச் சொல்லி அனுப்பினாள்.

அது என்ன, ஏன் விழுந்தது

ஸ்கைலாப் அமெரிக்காவின் முதல் விண்வெளி நிலையம். 1973 மே 14-ல் ஏவினார்கள். மனிதனை நிலாவுக்குக் கொண்டுபோன சாட்டர்ன் 5 ராக்கெட் கடைசியாகப் பறந்தது இதற்காகத்தான். எடை ஏறக்குறைய 77 டன். மும்மூணு பேராக மூணு குழுக்கள் போய்த் தங்கி வேலை செய்தார்கள். முதல் குழு 28 நாள், அடுத்தது 59, கடைசிக் குழு 84 நாள். 1974 பிப்ரவரியில் கடைசிக் குழுவும் இறங்கிவிட்டது. அதற்குப் பிறகு அது ஆளில்லாத வீடு.

சுமார் 435 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றியது. அந்த உயரத்திலும் துளியூண்டு காற்று இருக்கிறது. அந்தத் துளிக் காற்று உரசி உரசி வேகத்தைக் குறைக்கும், உயரம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். 1980-களின் தொடக்கம் வரைக்கும் தாங்கும், அதற்குள் புதிதாகக் கட்டுகிற ஸ்பேஸ் ஷட்டிலை அனுப்பி மேலே தள்ளிவிடலாம் என்று நாசா நினைத்திருந்தது. ரெண்டும் நடக்கவில்லை. சூரியனின் கொந்தளிப்பு அவர்கள் கணக்குப் போட்டதைவிட அதிகமானது. அந்தச் சூட்டில் மேல் காற்று மண்டலம் உப்பி உயர்ந்தது. உரசல் கூடிவிட்டது. ஷட்டிலோ தள்ளிக்கொண்டே போய், 1981 ஏப்ரலில்தான் முதல்முறை பறந்தது. அதற்குள் வீடு விழுந்துவிட்டது.

எங்கே விழும் என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. காரணம் ரொம்ப சாதாரணம். அது ஒரு விநாடிக்கு ஏழரை கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. விழும் நேரத்தில் பத்து நிமிஷம் கணக்கு பிசகினால், இடம் 4,500 கிலோமீட்டர் பிசகும். காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரைக்குமே அவ்வளவு தூரம் இல்லை. போதாததுக்கு அதன் பாதை பூமத்திய ரேகைக்கு 50 பாகை சாய்வு. அதாவது வடக்கே 50-க்கும் தெற்கே 50-க்கும் நடுவில் இருக்கிற எல்லா ஊருக்கும் மேலே அது போகும். உலகத்து ஜனங்களில் பெரும்பாலானவர்கள் இருப்பது அந்த வளையத்துக்குள்தான். இரும்புலியூரும் அதில் அடக்கம்.

பயத்துக்கு முன்கதை ஒன்றும் இருந்தது. ஒன்றரை வருஷம் முன்பு, 1978 ஜனவரி 24-ல், காஸ்மோஸ் 954 என்ற சோவியத் செயற்கைக்கோள் வட கனடாவில் விழுந்தது. அதற்குள்ளே அணு உலை இருந்தது. பனிக்காட்டில் கதிர்வீச்சுத் துண்டுகளைத் தேடி மாசக்கணக்கில் அலைந்தார்கள். ஸ்கைலாபில் அணு உலை கிடையாது. ஆனால் டீக்கடையில் ரெண்டும் ஒன்றாகக் கலந்துவிட்டன.

152-ல் ஒன்று

நாசா ஒரு கணக்கு சொன்னது. ஸ்கைலாப் துண்டு உலகத்தில் யாராவது ஒரு மனிதர் மேல் படுவதற்கான வாய்ப்பு 152-ல் 1. குறிப்பிட்ட ஒரு ஆள் மேல், உதாரணத்துக்கு என் தாத்தா மேல், படுவதற்கான வாய்ப்பு 60,000 கோடியில் 1. முதல் கணக்கு உலகத்துக்கு. ரெண்டாவது கணக்குத்தான் நமக்கு.

எங்கள் ஊருக்கு முதல் கணக்கு மட்டும்தான் வந்தது. அதுவும் எப்படி வந்தது? "152 பேர்ல ஒருத்தன் சாவானாம்" என்று வந்தது. எங்கள் தெருவில் மட்டும் இருநூறு பேர் இருப்போம். ஒரு ஆள் நிச்சயம் என்று ஆகிவிட்டது. சாயங்காலத்தில் பெண்கள் திண்ணையில் உட்கார்ந்து, யார் யாருக்கு நேரம் சரியில்லை என்று பேசிக்கொண்டார்கள்.

அந்த ஜூலையை நினைவிருக்கிற யாரைக் கேட்டாலும், எந்த மாவட்டத்துக்காரரானாலும், ஒரே மாதிரி கதை சொல்வார்கள். கோழியை அடிச்சுத் தின்னோம், ஆட்டை வெட்டினோம், கடனைத் திருப்பிக் கேட்டவனிடம் "பதினொண்ணாம் தேதி போகட்டும், இருந்தா தர்றேன்" என்று சொன்னோம் என்பார்கள். எங்கள் தெருவிலும் அந்த வாரம் தினம் ஒரு வீட்டில் கறி வாசனை வந்தது. எங்களுக்கு, அதாவது பிள்ளைகளுக்கு, அது திருவிழா. வேகமாக ஓடுகிற பையனுக்குக் கைலாப்பு என்று பட்டப்பெயர் வைத்தோம்.

இதையெல்லாம் இப்போ சொன்னால் சிரிப்பு வரும். நானும் பல வருஷம் சிரித்துக்கொண்டுதான் சொல்லி வந்தேன். மாட்டுக் கதையை மட்டும் சொல்ல மாட்டேன்.

எங்கள் வீட்டில் ஒரு ஜோடி உழவு மாடு இருந்தது. ஒன்று செவலை, ஒன்று மயிலை. தாத்தா அவற்றைக் கன்றாக வாங்கி வந்து பழக்கினவர். ஜூலை முதல் வாரத்தில் ஒரு மாட்டுத் தரகர் வந்தார். எங்கள் ஊருக்குப் புதுசு இல்லை, வருஷா வருஷம் வருகிறவர்தான்.

"பெரியவரே, ஊரே வித்துக்கினு இருக்கு. மேலருந்து வுழுந்தா தோலுகூட மிஞ்சாது. நா நெருப்புல கைய வெச்சி வாங்கறேன். கையில காசு இருந்தா புள்ளைங்களாவது பொழைக்கும்."

தாத்தா பயந்த ஆள் இல்லை. ஏரி உடைந்த ராத்திரியில் கழுத்தளவு தண்ணீரில் மூட்டை சுமந்தவர். ஆனால் இது அவருக்குத் தெரிந்த கெடுதி இல்லை. மழையென்றால் எந்த மூலையில் கறுக்கும் என்று தெரியும். பூச்சி என்றால் எந்த இலையில் பார்க்க வேண்டும் என்று தெரியும். இதற்கு எந்தப் பக்கம் பார்ப்பது? தரகர் சொன்னதில் "புள்ளைங்களாவது பொழைக்கும்" என்ற ஒரு சொல்தான் அவர் மனசில் நின்றது. கழனி எரிஞ்சாலும், மாடு செத்தாலும், காசு இருந்தா எங்காவது போய் நிற்கலாம்.

ரெண்டாயிரம் ரூபாய் பெறுகிற ஜோடி ஆயிரத்து நூறுக்குப் போனது. ஆயா தடுத்தாள். "வுழுந்தா எல்லாருந்தான் போவோம். வுழாட்டி எத்த வெச்சி ஏர் ஓட்டுவ?" என்று கேட்டாள். தாத்தா பதில் சொல்லவில்லை. மாட்டை ஓட்டிக்கொண்டு போகும்போது செவலை ஒரு தடவை திரும்பிப் பார்த்தது என்று அக்கா இன்னமும் சொல்வாள். எனக்கு அது ஞாபகம் இல்லை. காலியான கட்டுத்தறிதான் ஞாபகம்.

அந்த ராத்திரி

ஜூலை 11, புதன்கிழமை. இன்றைக்கு ராத்திரிதான் என்று ரேடியோ சொல்லிவிட்டது. வீட்டுக்குள் படுக்கக் கூடாது, கூரை விழும் என்று ஒரு கட்சி. வெளியே படுக்கக் கூடாது, தலையில் விழும் என்று இன்னொரு கட்சி. கடைசியில் பாதித் தெரு பாயும் கோரைத் தடுக்கும் எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனது. வந்தால் தண்ணீரில் குதித்துவிடலாம் என்பது திட்டம். ஜூலை மாசத்து ஏரியில் முழங்கால் அளவுதான் தண்ணீர் என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

பௌர்ணமி கழிந்து ரெண்டு நாள். எட்டு மணிக்கு மேல் நிலா எழும்பியது. மேகம் வருவதும் விலகுவதுமாக இருந்தது. எல்லாரும் அண்ணாந்து படுத்திருந்தோம். அதற்கு முன்போ பின்போ எங்கள் ஊர் மொத்தமும் வானத்தைப் பார்த்தபடி ஒன்றாகப் படுத்து நான் கண்டதில்லை.

ஒன்பது மணி இருக்கும். மேற்கே ஒரு வெளிச்சம் தெரிந்தது. மெதுவாக நேராக எங்களை நோக்கி வந்தது. "அதோ வருது" என்று ஒரு குரல். அவ்வளவுதான். பாதிப் பேர் எழுந்து ஓட, ரெண்டு பேர் ஏரியில் இறங்கிச் சேற்றில் மாட்டிக்கொள்ள, ஒரு பாட்டி உரக்கச் சாமி பேரைக் கூப்பிட, கிட்டே வந்ததும் சிவப்பும் பச்சையுமாக ரெண்டு விளக்கு தெரிந்தது. மீனம்பாக்கத்தில் இறங்கப்போகிற விமானம். தினமும் எங்கள் தலைக்கு மேலே போகிற விமானம்தான். அன்றைக்குத்தான் நாங்கள் முதல்முறையாக அதை நன்றாகப் பார்த்தோம்.

பிறகு ஒன்றும் வரவில்லை. பத்து மணி, பதினொன்று, பன்னிரண்டு. பிள்ளைகள் தூங்கிவிட்டோம். தாத்தா மட்டும் விடியும் வரைக்கும் உட்கார்ந்திருந்தாராம்.

நாங்கள் விமானத்தைப் பார்த்துக் கலைந்து, மறுபடி வந்து படுத்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில், இந்திய நேரம் இரவு 10 மணி 7 நிமிஷத்துக்கு, ஸ்கைலாப் முடிந்துவிட்டது. கடைசிச் சுற்றில் வட அமெரிக்காவைத் தாண்டும் வரைக்கும் அது தாக்குப்பிடிக்க வேண்டும் என்று, அதன் நிலையை மாற்றி உருள விட்டிருந்தார்கள். ஆப்பிரிக்காவின் தென்முனைக்கு அப்பால் கடலில் விழும் என்பது கணக்கு. ஆனால் அது எதிர்பார்த்த நேரத்தில் உடையவில்லை. இந்துமாக்கடலைத் தாண்டிப் போய் மேற்கு ஆஸ்திரேலியாவில், எஸ்பெரன்ஸ் என்ற ஊரைச் சுற்றித் துண்டு துண்டாகச் சிதறியது. எங்கள் ஏரிக்கரையிலிருந்து ஆறாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால். அங்கே நடுநிசி கடந்திருந்தது. வானம் முழுக்கத் தீப்பொறி ஓடுவதைப் பார்த்தார்கள், இடி மாதிரி சத்தம் கேட்டார்கள். யாருக்கும் காயம் இல்லை.

எஸ்பெரன்ஸைச் சேர்ந்த ஸ்டான் தார்ன்டன் என்ற 17 வயசுப் பையன் தன் வீட்டருகே கிடந்த கருகிய துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு சான்பிரான்சிஸ்கோவுக்கு விமானம் ஏறினான். முதல் துண்டைக் கொண்டுவருகிறவருக்கு அங்கே ஒரு பத்திரிகை 10,000 டாலர் பரிசு அறிவித்திருந்தது. அவனுக்கே கிடைத்தது. எஸ்பெரன்ஸ் உள்ளாட்சி, ஊரில் குப்பை போட்டதற்காக நாசாவுக்கு 400 டாலர் அபராதம் விதித்தது. வேடிக்கைக்குத்தான். 2009-ல் ஒரு அமெரிக்க வானொலிக்காரர் தன் நேயர்களிடம் வசூல் செய்து அதைக் கட்டினார்.

விழுந்த ஊருக்குப் பரிசும் அபராதமும். விழாத ஊருக்கு நஷ்டம். எங்கள் வீட்டுக் கணக்கு அப்படித்தான் முடிந்தது. அடுத்த வாரம் தாத்தா தரகரைத் தேடிப் போனார். அதே ஜோடிக்கு இப்போ விலை ரெண்டாயிரத்து இருநூறு. ஆடியில் வாடகை ஏருக்குக் காத்திருந்தோம். மாடு வெச்சிருந்தவன் முதலில் தன் நிலத்தை உழுது, பிறகு உறவுக்காரன் நிலத்தை உழுது, கடைசியில்தான் எங்களுக்கு வந்தான். அதற்குள் நாற்று முற்றிப்போனது. முற்றின நாற்று நட்டால் தூர் கட்டாது. அந்த சம்பா பாதிதான் கண்டது. அடுத்த வருஷம் கடன் வாங்கி ஒரு ஜோடி பிடித்தோம். பிறகு எங்கள் நிலம் போனதற்கு அந்தக் கடன் ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஊர் பெருத்தது, ஏரி சுருங்கியது, எல்லாரும் விற்றார்கள். ஆனால் எங்கள் வீட்டுக் கணக்கு நோட்டில் கடன் பக்கம் ஆரம்பிப்பது அந்த ஜூலையில்தான்.

எந்தப் பக்கம் பார்ப்பது?

தாத்தாவுக்குத் தெரியாமல் போனது ஒன்றே ஒன்று, எந்தப் பக்கம் பார்ப்பது என்பது. வானத்தைப் பார்ப்பதில் முக்கால் வேலை அதுதான். இதற்கு மெட்ராஸிலேயே ஒரு பழைய கதை இருக்கிறது.

நுங்கம்பாக்கத்தில் இப்போ வானிலை மையம் இருக்கிற வளாகத்தில் 1792-ல் ஒரு வானாய்வகம் கட்டினார்கள். அதன் கருங்கல் தூண் இன்றைக்கும் அங்கே நிற்கிறது. அதில் தமிழ் எழுத்தும் செதுக்கியிருக்கும். அங்கே 1861 முதல் முப்பது வருஷம் வானியலாளராக இருந்தவர் நார்மன் போக்சன். 1872 நவம்பர் கடைசியில் ஜெர்மனியிலிருந்து கிளிங்கர்ஃபூஸ் என்ற வானியலாளர் அவருக்கு ஒரு தந்தி அடித்தார். பீலா என்ற வால்நட்சத்திரம் ஆறேழு வருஷத்துக்கு ஒருமுறை திரும்பி வருவது, நடுவில் ரெண்டாக உடைந்து பிறகு காணாமலே போயிருந்தது. அது 27-ம் தேதி பூமியைத் தொட்டுவிட்டுப் போயிருக்கிறது, தென்வானத்தில் இன்ன நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் தேடுங்கள் என்பது சேதி. அந்த மூலை ஐரோப்பாவில் தெரியாது, மெட்ராஸில் தெரியும்.

போக்சன் விடியற்காலையில் எழுந்து பார்த்தார். நமக்குத் தெரிந்த கார்த்திகை வானம்தானே. ரெண்டு நாள் மேகமும் மழையும். மூணாம் நாள் கொஞ்ச நேரம் ஒரு நீலத் துண்டு திறந்தது. சொன்ன இடத்தில் ஒரு வால்நட்சத்திரம் இருந்தது. மறுநாளும் பார்த்தார். பிறகு மறுபடி மேகம். பின்னால் கணக்குப் போட்டதில், அவர் பார்த்தது பீலாவே இல்லை, வேறு ஒன்று என்று முடிவானது. அது இருக்கட்டும். ஜெர்மனியிலிருந்து எந்தப் பக்கம் பார்க்கணும் என்ற சேதி அந்தக் காலத்திலேயே ரெண்டு மணி நேரத்துக்குள் நுங்கம்பாக்கம் வந்து சேர்ந்தது. நுங்கம்பாக்கத்திலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. நூறு வருஷம் கழிச்சும் அந்த மாதிரி சேதி எங்கள் ஏரிக்கரைக்கு வரவில்லை. ரேடியோ வந்தது, பத்திரிகை வந்தது, தரகர் வந்தார். "இந்தியாவுக்கு மேலே இது கடைசிச் சுற்றில் வரவே வராது, போய்ப் படுங்க" என்று சொல்ல ஒரு ஆள் வரவில்லை.

விழுவதும் திரும்புவதும்

அதே 1979-ல், ஸ்கைலாப் விழுந்து சரியாக ஒரு மாசத்தில், ஆகஸ்ட் 10-ம் தேதி, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நம்முடைய எஸ்.எல்.வி-3 முதல்முறை கிளம்பியது. திட்ட இயக்குநர் அப்துல் கலாம். 317 விநாடியில் முடிந்தது, வங்காள விரிகுடாவில் விழுந்தது. எங்கள் ஊரில் அதையும் கைலாப்பு என்றே சொன்னார்கள். அடுத்த வருஷம் 1980 ஜூலை 18-ல் அதே எஸ்.எல்.வி-3 ரோகிணியைச் சுற்றுப்பாதையில் வைத்தது.

மேலே அனுப்பக் கற்றுக்கொண்டாயிற்று. பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவருவது வேறு வித்தை. அதற்கு இன்னும் 27 வருஷம் ஆனது. 2007 ஜனவரி 10-ல் பி.எஸ்.எல்.வி-சி7 மேலே போனபோது கார்ட்டோசாட்-2-வோடு 550 கிலோ எடையில் ஒரு கலமும் போனது. எஸ்.ஆர்.இ-1 என்று பெயர். 12 நாள் சுற்றியது. ஜனவரி 22 காலையில் அதைத் திருப்பி நிறுத்தி, எதிர்ப்பக்கமாக எஞ்சினை எரித்து, வேகத்தைக் குறைத்து இறக்கினார்கள். 100 கிலோமீட்டர் உயரத்தில் விநாடிக்கு 8 கிலோமீட்டர் வேகம். முன்னால் இருக்கிற காற்று நகர இடமில்லாமல் நசுங்கிச் சூடாகும். அந்தச் சூடுதான் ராத்திரியில் தீயாகத் தெரிவது. சிலிக்கா ஓடுகளும், தான் கருகி உள்ளே இருப்பதைக் காப்பாற்றுகிற மூக்குக் கவசமும் அதைத் தாங்கின. 5 கிலோமீட்டர் உயரத்தில் பாராசூட்டுகள் விரிய ஆரம்பித்தன. காலை 9.46 மணிக்கு, விநாடிக்கு 12 மீட்டர் வேகத்தில், ஸ்ரீஹரிகோட்டாவுக்குக் கிழக்கே 140 கிலோமீட்டரில் கடலில் வந்து உட்கார்ந்தது. கடலோரக் காவல் படை அதை எடுத்து எண்ணூர் துறைமுகத்துக்குக் கொண்டுவந்தது.

அது தை மாசம், திங்கட்கிழமை. நான் களத்தில் சம்பா நெல் தூற்றிக்கொண்டிருந்தேன். சாயங்காலச் செய்தியில்தான் தெரிந்தது. நம் கடலிலேயே, நம் பக்கத்திலேயே வானத்திலிருந்து ஒரு பொருள் வந்து இறங்கியிருக்கிறது, ஒருத்தரும் அண்ணாந்து பார்க்கவில்லை, ஒரு கோழியும் சாகவில்லை. தாத்தா அப்போ உயிரோடு இல்லை. இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ. 2014 டிசம்பர் 18-ல் இன்னும் பெரிசாக, மனிதர்கள் போகிற கூண்டு மாதிரி ஒன்றை, சுமார் 3.7 டன் எடையில், புது எல்.வி.எம்-3 ராக்கெட்டில் அனுப்பி அந்தமான் கடலில் இறக்கினார்கள். அதுவும் எண்ணூருக்குத்தான் வந்தது.

திரும்பி வருகிற கலத்தை ராத்திரி வானத்தில் காத்திருந்து பார்த்தவர்கள் உண்டு. ஜப்பானின் ஹயபுசா 2003-ல் கிளம்பி, இட்டோகாவா என்ற சிறுகோளைத் தொட்டு, எஞ்சின் கெட்டு, தொடர்பு அறுந்து, மூணு வருஷம் தாமதமாக 2010 ஜூன் 13 ராத்திரி ஆஸ்திரேலியாவின் ஊமெரா பாலைவனத்துக்கு மேலே வந்தது. தாய்க்கலம் துண்டு துண்டாக எரிந்து உதிர, அதற்கு முன்னால் ஒரு சின்னப் புள்ளி மட்டும் அணையாமல் ஓடியது. 40 சென்டிமீட்டர் அகலமான அந்தப் பெட்டிக்குள் சிறுகோளின் தூசி இருந்தது. அங்கே காத்திருந்தவர்களுக்கு எந்த நேரம், எந்தப் பக்கம் என்று முன்கூட்டியே தெரியும். ஏரிக்கரையில் நாங்களும் அதே மாதிரிதான் அண்ணாந்து பார்த்தோம். அவர்களுக்கு அது தரிசனம், எங்களுக்குத் திகில்.

எல்லாமே இப்போ கட்டுக்குள் வந்துவிட்டது என்று சொல்லவில்லை. 2022 ஏப்ரல் 2 ராத்திரி எட்டு மணிக்குக் கொஞ்சம் முன்பு மகாராஷ்டிரா வானத்தில் தீக்கோடுகள் ஓடின. சந்திரபூர் மாவட்டத்தில் லாட்போரி என்ற கிராமத்தில் மூணு மீட்டர் அகலமான உலோக வளையம் வந்து விழுந்தது. பக்கத்தில் உருண்டை ஒன்றும் கிடைத்தது. சீன ராக்கெட் ஒன்றின் மேல் பகுதி என்று கருதினார்கள். அந்தப் படத்தைப் பார்த்தபோது வளையத்தைவிட, அதைச் சுற்றி நின்ற ஜனங்களின் முகத்தைத்தான் பார்த்தேன். அந்த முகங்களை எனக்குத் தெரியும்.

நீங்களும் ஒருநாள் பார்க்க நேரலாம். எரிநட்சத்திரம் ஒரு விநாடி, ரெண்டு விநாடியில் முடிந்துவிடும். மேலே போய் வந்த பொருள் விழுந்தால் மெதுவாக ஓடும், ஒரு நிமிஷம்கூடத் தெரியும், உடைந்து உடைந்து பின்னால் வரிசை கட்டும். தரையில் ஏதாவது கிடந்தால் கையால் தொடாதீர்கள். எரிபொருள் மிச்சம் விஷமாக இருக்கலாம். போலீசுக்குச் சொல்லுங்கள்.

அக்கா பேத்தி கேட்டதற்கும் பதில் சொன்னேன். ஆமாம், அந்த ஸ்பேஸ் ஸ்டேஷனும் ஒருநாள் இறங்கும். 400 டன்னுக்கு மேல். ஆனால் தானாக விழ விடாமல், பசிபிக் கடலில் ஆளில்லாத இடமாகப் பார்த்து இறக்கத் திட்டம் போட்டிருக்கிறார்கள். "அப்போ நாம பார்க்க முடியாதா?" என்று அவளுக்கு வருத்தம். "முடியாது, அதுதான் நல்லது" என்றேன். பிறகு மாட்டுக் கதையைச் சொன்னேன். அதைக் கேட்டுவிட்டு, "அந்தத் தரகர் கிட்ட யாருமே சண்டை போடலையா?" என்றாள். போடவில்லை. 1,100 ரூபாய்க்குக் கைநாட்டு வைத்துக் கொடுத்தது நாங்கள்தான். அவர் பொய் சொன்னார் என்றுகூடச் சொல்ல முடியாது. விழப்போகிறது என்றார், விழுந்தது.

உங்கள் வீட்டில் அறுபது தாண்டினவர்கள் இருந்தால் 1979 ஜூலையில் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். முதலில் சிரிப்பார்கள், கோழிக் கதை சொல்வார்கள். கொஞ்சம் பொறுத்து, எதையாவது விற்றீர்களா என்றும் கேளுங்கள்.